பஸ்ஸுக்கு உயிர் இருக்கிறதாம், தென்னை மரத்துக்கு இல்லையாம்

மூன்றாம் மாடி:
எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கிறோம். மகள் இந்த ஆண்டு தரம் 1. சுற்றாடல் பாடத்துக்கு ஒரு செயற்பாட்டுத் தாள் வந்தது. உயிருள்ளவற்றுக்குப் பச்சை வட்டம், உயிரற்றவற்றுக்குச் சிவப்பு வட்டம் போட வேண்டும். பஸ், சூரியன், முகில், கடல் எல்லாவற்றுக்கும் பச்சை போட்டிருக்கிறாள். தென்னை மரத்துக்கும் ரோஜாச் செடிக்கும் சிவப்பு. பெரிய பிழை அடையாளத்தோடு தாள் திரும்பி வந்திருக்கிறது, விளக்கம் ஒரு வரிகூட இல்லை. ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்டேன். "தென்னை சும்மாதானே நிற்கிறது" என்றாள். அப்படியானால் நம் கட்டடத்து லிப்டுக்கு உயிர் இருக்கிறதா என்றால், "கூப்பிட்டவுடன் வருகிறதே" என்கிறாள்.

தாவரம் வளரும், சுவாசிக்கும், உணவு உண்ணும் என்று சொல்லிப் பார்த்தேன். "வாய் எங்கே?" என்று கேட்டுவிட்டாள். எங்களுக்குத் தோட்டம் கிடையாது. பால்கனியில் ஒரு கறிவேப்பிலைச் செடி, யன்னலில் ஒரு போத்தல் மணி பிளான்ட், அவ்வளவுதான். விடையை மனப்பாடம் செய்ய வைப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்ய எனக்கு விருப்பமில்லை. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

காலி வீதிக்காரன்:
லிப்ட் விடயத்தில் நான் உங்கள் மகளின் கட்சி. எங்கள் கட்டடத்து லிப்ட் கூப்பிட்டாலும் வருவதில்லை. அதற்கு உயிர் மட்டுமல்ல, சொந்தப் புத்தியும் இருக்கிறது.

சுண்ணக்கட்டி:
பிள்ளை, உங்கள் மகள் ஒழுங்காகத்தான் யோசித்திருக்கிறாள். அசைவதற்கு உயிர் உண்டு, அசையாததற்கு இல்லை என்று தானே ஒரு விதி வகுத்து, எல்லாப் படங்களிலும் தடுமாறாமல் அதைப் பிரயோகித்திருக்கிறாள். அந்த விதி போதாது என்பதுதான் சிக்கல். சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1920களிலேயே இதை விளக்கியிருக்கிறார். சிறு பிள்ளைகள் முதலில் ஏதாவது வேலை செய்கிற எதற்கும் உயிர் கொடுக்கிறார்கள், பிறகு அசைகிற எதற்கும், அதன் பிறகு தானாக அசைகிறவற்றுக்கு மட்டும். கடைசியில்தான் விலங்குகளோடும் தாவரங்களோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தக் கடைசிப் படிக்கு வரப் பதினொரு, பன்னிரண்டு வயதாகும் என்பது அவருடைய கணக்கு.

அவ்வளவு காலம் காத்திருக்கத் தேவையில்லை என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். ஜப்பானில் கயோகோ இனகாகியும் கியோ ஹத்தானோவும் 1996இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். வளர்வது, உணவோ தண்ணீரோ எடுத்துக்கொள்வது என்று வரும்போது விலங்கையும் தாவரத்தையும் ஒரு பக்கத்தில் வைக்க ஐந்து வயதுப் பிள்ளைகளாலேயே முடிகிறது. ஆகவே அசைவைப் பற்றி அவளோடு வாதாடாதீர்கள். வளர்ச்சியையும் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆரம்பப் பிரிவில் நெடுங்காலம் கற்பித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன், படத்தாளால் இது நடக்காது. படத்தில் எதுவும் வளர்வதில்லை. தென்னையும் விளக்குக் கம்பமும் தாளில் ஒரே மாதிரித்தான் நிற்கும். இதில் சூரியனுக்குக் கண்ணும் சிரிப்பும் வரைந்து வைத்துவிட்டு, அதற்கு உயிரில்லை என்று பிள்ளை சொல்ல வேண்டுமாம்!

உங்கள் சமையலறையே போதும். மூன்று கிண்ணங்களில் ஈரப் பஞ்சு பரப்புங்கள். ஒன்றில் பச்சையாகப் பயறு. இரண்டாவதில், பயற்றம் பணியாரத்துக்கு வறுப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வறுத்த பயறு. மூன்றாவதில் மீன்தொட்டிக்கு விற்கும் சின்னக் கற்கள். எந்தக் கிண்ணத்தில் என்ன நடக்கும் என்று அவள் முதலில் சொல்லட்டும், அதை எழுதி வையுங்கள்.

மறுநாள் காலையில் வறுத்ததும் வறுக்காததும் இரண்டுமே பருத்திருக்கும். பெரியவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். "பார்த்தாயா, வளர்ந்துவிட்டது" என்று சொல்லிவிடாதீர்கள். தண்ணீர் குடித்துப் பருப்பதற்கு உயிர் தேவையில்லை. பொறுத்திருங்கள். கொழும்பு வெக்கைக்கு ஓரிரு நாளில் பச்சைப் பயற்றின் தோல் ஒரு பக்கமாகக் கிழியும். வெள்ளையாக ஒரு நுனி எட்டிப் பார்க்கும், சற்று நீண்டதும் கீழ்நோக்கி வளையும். கிண்ணத்தைச் சரித்து வைத்தால் அடுத்த நாள் அதுவும் திசை மாறி, மறுபடி கீழே போகப் பார்க்கும். பின்னால் இரண்டு இலைகள் விரியும். வறுத்த பயறு பருத்தது பருத்தபடி கிடந்து, பிசுபிசுத்து, நாறத் தொடங்கும். கல் கல்லாகவே கிடக்கும்.

இப்போது அவளுடைய கையில் இரண்டல்ல, மூன்று வகை இருக்கிறது. உயிருள்ளது, உயிரோடு இருந்து செத்தது, ஒருநாளும் உயிர் இல்லாதது. தாள் கேட்பது இரண்டு வட்டம்தான். ஆனால் பிள்ளைகள் வழுக்கி விழுவது அந்த நடு வகையில்தான். மரக் கதிரை, தும்புத்தடி, காய்ந்த இலை, அவள் போட்டிருக்கும் பருத்திச் சட்டை, ஏன், கிண்ணத்தில் விரித்த பஞ்சுகூட ஒரு காலத்தில் செடியில் இருந்ததுதானே.

கண்ணாடிக்குழாய்:
டீச்சர், பயறு நல்ல யோசனை. ஆனால் "வளர்வது உயிருள்ளது" என்று பதிய வைத்தால் பின்னால் எங்களிடம் வரும்போது அதைக் கழற்றுவது பெரும்பாடு. உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கிறேன். கற்கண்டு நூலில் வளர்கிறது. ஆனையிறவு உப்பளத்தில் உப்புப் பளிங்கு வளர்கிறது. நெருப்பு விறகைத் தின்கிறது, காற்று இல்லாவிட்டால் அணைகிறது, பக்கத்துக் கூரைக்குப் பரவிப் பெருகுகிறது, மிச்சத்துக்குச் சாம்பலையும் விட்டுப் போகிறது. உங்கள் விதிப்படி நெருப்புக்கு முதல் பரிசு கொடுக்க வேண்டும். அசைவு, சுவாசம், உணவு, வளர்ச்சி, கழிவகற்றல், உறுத்துணர்ச்சி (தூண்டினால் பதிலுக்கு ஏதாவது செய்வது), இனப்பெருக்கம் என்று ஏழு இயல்புகளையும் சேர்த்துத் தொடக்கத்திலிருந்தே சொல்லிவிடுவது பாதுகாப்பானது.

சுண்ணக்கட்டி:
தம்பி, ஏழையும் சொல்லலாம். பிள்ளை கிளிபோல ஒப்புவிக்கும், அதன் பிறகும் பஸ்ஸுக்குப் பச்சை வட்டம்தான் போடும். பஸ் அசைகிறது, டீசல் குடிக்கிறது, புகை விடுகிறது, ஹோர்ன் அடித்தால் இன்னொரு பஸ் பதிலுக்கு அடிக்கிறது. உங்கள் ஏழில் பாதிக்கு மேல் தேறிவிட்டது. ஆலமரம் எத்தனையில் தேறுகிறது என்று ஐந்து வயதுக் கண்ணால் எண்ணிப் பாருங்கள்.

பச்சையம்:
தாவரவியல் படிக்கிறேன், ஆகவே இரண்டு பேருக்கும் நடுவில் புகுகிறேன்.

கண்ணாடிக்குழாய் அண்ணா, ஏழு இயல்புப் பட்டியலும் அவ்வளவு கெட்டியானதல்ல. கோவேறு கழுதை பொதுவாகக் குட்டி போடுவதில்லை. அதற்கு உயிரில்லை என்று யாரும் சொல்வதில்லையே. காய்ந்த விதை அந்த ஏழில் ஒன்றையும் கண்ணுக்குத் தெரியச் செய்வதில்லை. இஸ்ரேலில் மசாதா கோட்டையை 1960களில் அகழ்ந்தபோது கிடைத்த பேரீச்சை விதைகளில் ஒன்றை 2005இல் நட்டார்கள், முளைத்தது. ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழைய விதை. அவ்வளவு காலமும் அதைக் கல்லுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் பார்வைக்கு வேறுபாடே தெரிந்திருக்காது.

பளிங்கின் வளர்ச்சிக்கும் பயற்றின் வளர்ச்சிக்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்குக் காட்டவும் முடியும். கற்கண்டில் அதே சீனி வெளியே வெளியே படிகிறது. எவ்வளவு பெரிதானாலும் சீனிக்கட்டிதான். பயறு உள்ளிருந்து புதிது புதிதாகச் செய்கிறது, முதலில் வேர், பிறகு தண்டு, பிறகு இலை, கடைசியில் தன்னைப் போலவே இன்னும் நூறு பயறு. பிள்ளை கேட்டால் மட்டும் இதைச் சொல்லுங்கள். கேட்காத பிள்ளையிடம் நெருப்பையும் கற்கண்டையும் கொண்டுபோக வேண்டியதில்லை.

"வாய் எங்கே" என்பது அருமையான கேள்வி. செடி மண்ணைத் தின்கிறது என்றுதான் பெரியவர்களிலும் பலர் நினைக்கிறார்கள். பெல்ஜியத்தில் வான் ஹெல்மொன்ட் ஒரு வில்லோ மரக்கன்றை 200 இறாத்தல் உலர்ந்த மண்ணில் நட்டு, ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டும் ஊற்றி வளர்த்தார். 5 இறாத்தல் கன்று 169 இறாத்தல் மரமானது. மண்ணை உலர்த்தி நிறுத்தபோது குறைந்திருந்தது 2 அவுன்ஸ் அளவுதான். அவர் இறந்த பிறகு 1648இல் இது அச்சில் வந்தது. எல்லாம் தண்ணீரிலிருந்து வந்தது என்று அவர் முடிவு கட்டினார். காற்றின் காபனீரொட்சைட்டைச் செடி எடுத்துக்கொள்கிறது என்பது அவருக்குத் தெரியாது. உங்கள் மணி பிளான்ட் போத்தலில் ஒரு துளி மண் இல்லாமல் புது இலை விடுகிறதே, அதைக் காட்டுங்கள். "இதற்கு வாய் இல்லை. வேரால் குடிக்கிறது, வெளிச்சத்தில் இலைக்குள் தானே சமைத்துக்கொள்கிறது" என்று சொன்னால் அந்த வயதுக்குப் போதும். கதிரை தனக்குச் சமைப்பதில்லை.

நுளம்பு வேட்டை:
போத்தல் என்றதும் ஓடி வந்தேன். பொதுச் சுகாதாரத் துறையில் வேலை. பள்ளிகளிலும் மாடி வீடுகளிலும் டெங்கு நுளம்பின் குடம்பியை நாங்கள் கண்டுபிடிக்கும் இடங்களில் இந்த மணி பிளான்ட் போத்தலும் பூச்சாடித் தட்டும் உண்டு. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக வர ஏழு முதல் பத்து நாட்கள் போதும். கிழமைக்கு ஒரு தடவையாவது தண்ணீரைக் கொட்டி, போத்தலின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். வெறுமனே கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை அப்படியே இருக்கும். காய்ந்தாலும் மாதக் கணக்கில் சாகாமல் கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். போத்தலின் வாயைப் பஞ்சால் அடைப்பதும் நல்லது. ஈரப் பஞ்சில் பயறு முளைக்க வைப்பதில் ஆபத்தில்லை, தேங்கிய தண்ணீர்தான் ஆகாது.

காலி வீதிக்காரன்:
நுளம்பு முட்டைக்கும் பேரீச்சை விதைக்கும் ஒரே பாடம் என்கிறீர்கள். அடுத்த கிழமை அந்தப் பிள்ளை நுளம்பு வளர்க்கக் கேட்கப் போகிறது.

மூன்றாம் மாடி:
எல்லோருக்கும் நன்றி. போத்தலைத் தேய்த்துக் கழுவிவிட்டேன். மூன்று கிண்ணங்களும் வைத்தாயிற்று. பச்சைப் பயறு முளைத்ததும் பள்ளிச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குந்தியிருந்து பார்த்தாள். வறுத்ததை மணந்துவிட்டு "இது செத்துப்போய்விட்டது" என்று தானாகவே சொன்னாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

கல்லில்தான் மாட்டிக்கொண்டோம். "அது இன்னும் நித்திரை" என்கிறாள்! பயறும் கடையில் இருந்தபோது நித்திரைதானே, தண்ணீர் பட்டதும் எழும்பியது, கல் கொஞ்சம் பிந்தி எழும்பும் என்று வாதம். இன்னும் காத்திருக்கச் சொல்கிறாள். பச்சையம் தங்கச்சி, உங்கள் 2000 ஆண்டுக் கதையை நல்லவேளையாக நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.

சுண்ணக்கட்டி:
கிண்ணத்தை எடுத்துவிடாதீர்கள். எவ்வளவு காலம் காத்திருப்பது என்பதையும் அவளே சொல்லட்டும், நாட்காட்டியில் குறிக்கட்டும். இதற்கிடையில் கல் எங்கிருந்து வந்தது என்று பேசிப் பாருங்கள். பயறு ஒரு பயற்றஞ்செடியிலிருந்து வந்தது. கல்லுக்குத் தாய்க்கல் கிடையாது. பெரிய கல் உடைந்தால் சின்னக் கல், சின்னக் கல் ஒருநாளும் பெரிதாகாது. "இதற்கு அம்மா யார்?" என்ற கேள்வி அந்த வயதுப் பிள்ளைகளிடம் நன்றாகவே எடுபடும். லிப்டுக்கு அம்மா யார், பஸ்ஸுக்கு அம்மா யார் என்று அவளே வரிசையாகக் கேட்டுக்கொண்டு போவாள்.

இன்னொன்றும் செய்யலாம். மரக்கறிக் கடையில் பொன்னாங்காணிக் கட்டு வாங்கினால் தடித்த தண்டுகளை எறியாமல் மண்ணில் குத்தி விடுங்கள். கணுவில் வேர் விடும், சில நாட்களில் தளிர்க்கும். பக்கத்தில் ஒரு பென்சிலையும் குத்தி வையுங்கள். பென்சிலும் மரம்தான், பார்க்கலாம். அக்கபான இலை யாரிடமாவது கிடைத்தால் இன்னும் விசேடம். ஈர மண்ணின்மேல் இலையைச் சும்மா கிடத்தினால் போதும், விளிம்பில் பல்லுப் பல்லாக இருக்கும் ஒவ்வொரு வெட்டிலும் ஒரு குட்டிச் செடி, இரண்டு நுணுக்கு இலையும் மயிர்போல வேருமாக. நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது கொப்பிக்குள் வைத்து, யாருடையது முதலில் குட்டி போடுகிறது என்று போட்டி வைப்போம்.

அம்மம்மா பேரன்:
எங்கள் வீட்டில் இதற்கு ஆய்வெல்லாம் தேவைப்படவில்லை. பொழுதுபட்ட பிறகு செடியில் கை வைக்காதே, அது நித்திரை கொள்கிறது என்று அம்மம்மா சொல்வார். பூப் பறிப்பதென்றால் காலையில்தான். செடிக்கு உயிர் இருக்கிறது என்பதை யாரும் எங்களுக்குக் கற்பிக்கவில்லை, அப்படித்தான் வளர்ந்தோம். பிள்ளைக்கு "கிள்ளினால் செடிக்கு வலிக்கும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா?

பச்சையம்:
அம்மம்மாவின் நித்திரையில் உண்மை இருக்கிறது. புளி, அகத்தி, கொழும்புத் தெருக்களில் நிற்கும் பெரிய மாரா மரங்கள் எல்லாம் மாலையில் இலையை மடிக்கின்றன, காலையில் விரிக்கின்றன. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு மாரா மரத்தை மத்தியானம் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரம் ஒரு தடவை காட்டினால், மரம் சும்மா நிற்கிறது என்ற பேச்சு அன்றோடு போய்விடும்.

வலி வேறு. தாவரத்துக்கு நரம்பும் இல்லை, மூளையும் இல்லை. வெட்டுப்பட்டால் இலைக்கு இலை செய்தி போகிறது, அதை வலி என்று சொல்ல ஆதாரம் இல்லை. பிள்ளையிடம் வலிக்கும் என்று சொல்லிவிட்டு அன்று மத்தியானமே கீரை ஆய உட்கார வைப்பீர்கள். அவள் கேட்கும் கேள்விக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள்?

அம்மம்மா பேரன்:
அம்மம்மாவைக் கேட்டால் ஒரு பதில் வைத்திருப்பார். என்னிடம் இல்லை. ஆனாலும், தங்கச்சி, வலிக்கும் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை வழியில் நிற்கும் செடியைச் சும்மா கிள்ளிப் போடுவதில்லை. அதையும் கணக்கில் எடுங்கள்.

சுண்ணக்கட்டி:
பேரன் சொல்வதில் எனக்குப் பாதி உடன்பாடு. நான் வகுப்பில் "தாகம்" என்பேன், "வலி" என்று சொன்னதில்லை. வாடின செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் நிமிர்கிறது. தாகம் என்ற வார்த்தை பிள்ளையைச் செடியின் பக்கம் கொண்டுவருகிறது, பின்னால் திருத்தவும் எளிது.

சிவன்கோவிலடி:
என் மகன் ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பில் சிவபுராணம் பாடமாக்கியிருக்கிறான். அதில் எடுத்த பிறப்புகளைச் சொல்லும் இடத்தில் புல், பூடு, மரம் எல்லாவற்றோடும் கல்லும் வருகிறது. "கல்லும் ஒரு பிறப்பு என்றால் அதற்கும் உயிர் இருக்கிறதுதானே?" என்று கேட்கிறான். ஒன்பது வயது. சுற்றாடல் பாடத்தில் ஒன்று, அறநெறியில் ஒன்று என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன், விடுகிறானில்லை.

கண்ணாடிக்குழாய்:
இது எங்கள் அதிகாரத்துக்கு வெளியே. ஆனால் ஒன்பது வயதில் இரண்டு பாடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறானே, அவனிடமிருந்து தப்பிக்கப் பார்க்காதீர்கள். மாணிக்கவாசகர் ஆன்மாவின் பயணத்தைப் பாடுகிறார், சுற்றாடல் பாடம் கல் தண்ணீர் குடிக்கிறதா என்று கேட்கிறது. இரண்டு கேள்விகளும் வேறு என்று அவனிடம் நேராகவே சொல்லலாம். அந்த வயதுக்கு விளங்கும்.

தூரதேசம்:
இணையத்தில் ஒரு பரிசோதனை பார்த்தேன். கண்ணாடிக் கோப்பைத் தண்ணீரில் ஒரு இலையைப் போட்டு வெயிலில் வைத்தால் குமிழ்கள் வருகின்றன, இலை சுவாசிப்பதைக் காணலாம் என்கிறார்கள். மூன்றாம் மாடி அக்கா, அதைச் செய்து பாருங்கள்.

பச்சையம்:
வேண்டாம், அல்லது இரண்டு கோப்பைகளாகச் செய்யுங்கள். ஒன்றில் இலை, மற்றதில் கல். வெயிலில் தண்ணீர் சூடேறும்போது அதில் கரைந்திருந்த காற்று வெளியேறும், கல்லிலும் குமிழ் ஒட்டும். இலையில் வருவதில் ஒரு பகுதி அதே காற்றுத்தான், மிச்சம் இலை வெளிச்சத்தில் உணவு செய்யும்போது வெளிவிடும் ஒட்சிசன். எப்படிப் பார்த்தாலும் அது சுவாசம் இல்லை. ஏற்கெனவே கல் நித்திரை கொள்கிறது என்று சொல்லும் பிள்ளையிடம் குமிழ் விடும் கல்லையும் காட்டினால் வழக்கு உங்களுக்கு எதிராகத் தீர்ந்துவிடும்.

அதைவிட மணி பிளான்ட் போத்தலை யன்னலோரம் வைத்து, இலைகள் வெளிச்சத்தின் பக்கம் திரும்பியதும் போத்தலை மறுபுறம் திருப்பிவிடுங்கள். சில நாட்களில் மறுபடி யன்னல் பக்கம் சாயும். டார்வினும் அவருடைய மகனும் 1880இல் இதே வகைக் கேள்வியைத்தான் புல் முளைகளில் ஆராய்ந்தார்கள். நுனியை மூடினால் முளை வெளிச்சத்துக்கு வளையவில்லை என்று கண்டார்கள்.

கொம்பனித்தெரு:
தலைப்புக்குச் சற்று வெளியே. எங்கள் பகுதியில் கியூ வீதி என்று ஒன்று இருக்கிறது, பலருக்கு ஏன் என்று தெரியாது. பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821இல் வருவதற்கு முன் ஆங்கிலேயர் கொம்பனித்தெருவில் ஒரு தாவரத் தோட்டம் வைத்திருந்தார்கள், லண்டன் கியூ தோட்டத்தின் பெயரில். இப்போது அங்கே பிள்ளைக்குக் காட்ட ஒரு நல்ல மரம் தேட வேண்டியிருக்கிறது. விடுமுறையில் விகாரமகாதேவி பூங்காவுக்கோ ஸ்ரீ ஜயவர்தனபுர கோட்டேயில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்கோ கூட்டிப் போங்கள்.

மூன்றாம் மாடி:
பெத்தகானவுக்குப் போகிறோம், நன்றி. இன்னொரு நடைமுறைக் கேள்வி. தவணைப் பரீட்சையில் இதே தாள் மறுபடி வரும். மகள் இப்போது மூன்று நிறம் கேட்கிறாள். காய்ந்த இலையின் படம் வந்தால் மண்ணிறத்தில் வட்டம் போடுவேன் என்று பிடிவாதம். பரீட்சையில் பிழை போடுவார்களே?

சுண்ணக்கட்டி:
போடுவார்கள். அவளிடம், "தாளில் இரண்டு நிறம்தான் கேட்கிறார்கள், இப்போது உயிர் இல்லாததற்கெல்லாம் சிவப்பு" என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்வாள். வீட்டில் மண்ணிறம் இருக்கட்டும். வகுப்பாசிரியையிடமும் ஒரு தடவை பேசிப் பாருங்கள், சண்டைக்கு அல்ல. நாற்பது கொப்பி திருத்துகிறவருக்கு விளக்கம் எழுத நேரமிருக்காது. முளைத்த பயற்றை ஒரு கிண்ணத்தில் கொடுத்து அனுப்பினால் பாதிப் பேச்சு மிச்சம்.

தூரதேசம்:
தொட்டாற்சுருங்கியை யாரும் சொல்லவில்லையே? தொட்டால் மடங்கும் செடியைவிட வேறு என்ன வேண்டும்? கொழும்பில் விதை எங்கே வாங்கலாம்?

பச்சையம்:
வாங்கவே வேண்டாம். விளையாட்டுத் திடல் ஓரம், புல் வெட்டாத வெறுங்காணி, எங்கும் களையாகப் படர்ந்திருக்கும். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இங்கே ஊன்றிவிட்ட செடி. இலைக்காம்பின் அடியில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது, தொட்டதும் அதன் ஒரு பக்கக் கலங்களிலிருந்து தண்ணீர் வெளியேறுவதால் காம்பு தொங்குகிறது. சில நிமிடங்களில் நிமிரும். ஆனால் அசைவுதான் உயிர் என்று நினைக்கும் பிள்ளைக்கு இதை முதலில் காட்டாதீர்கள். தொட்டாற்சுருங்கிக்கு மட்டும் பச்சை வட்டம் போட்டுவிட்டு, தென்னையை மறுபடி சிவப்பில் விட்டுவிடுவாள். பயறும் மாரா மரமும் முடிந்த பிறகு காட்டுங்கள். தண்டில் முள் இருக்கிறது, வேரோடு பிடுங்குவதென்றால் கையுறை போடுங்கள்.